காரின் தலையாட்டம்

சாரல் பருவத்தில், ஜூன் இறுதியிலோ ஜூலையிலோ, தென்காசியிலிருந்து குற்றாலம் செல்லும் சாலையில் ஒரு வேகத்தடைக்கு அருகே பத்து நிமிடம் நின்று பாருங்கள். அருவியில் குளிக்க வரும் கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக அதன்மேல் ஏறி இறங்கும். சில கார்கள் இறங்கியதும் ஒருமுறை அமிழ்ந்து எழுந்து, உடனே அடங்கிவிடும். வேறு சில கார்கள் வேகத்தடையைத் தாண்டி இருபது முப்பது மீட்டர் சென்ற பின்னும் தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையைப் போல் ஆடிக்கொண்டே போகும். உள்ளே இருப்பவர்களுக்கு அது தொட்டில் ஆட்டம் போலச் சுகமாகக்கூட இருக்கலாம். ஆனால் அந்த ஆட்டம் ஒரு நோயின் அறிகுறி.

ஐந்து கிலோமீட்டர் நீளமுள்ள குற்றாலச் சாலையில், மெதுவாகப் போகும் வரை, அதனால் பெரிய தீங்கு இல்லை எனலாம். அதே கார் செங்கோட்டையைத் தாண்டி, புளியரையிலிருந்து ஆரியங்காவுக்கு ஏறும் மலைச்சாலையில், மழையில், வீட்டார் ஐந்து பேரைச் சுமந்துகொண்டு, எதிரே வரும் லாரிகளுக்கு ஒதுங்கி வளையும்போது கதை வேறு.

அது என்ன நோய், அதை வீட்டு வாசலிலேயே நாம் அளந்தறிவது எப்படி, தேய்ந்த உறுப்புகளை மாற்றும்போது வீட்டில் எதைச் செய்யலாம், எதைச் செய்யவே கூடாது என்பனவற்றை இங்கே காண்போம். இதற்கு வேண்டிய இயற்பியல் ஏறத்தாழ முழுவதும் உங்கள் மேல்நிலை வகுப்புப் பாடநூலில், அலைவுகள் என்ற பாடத்தில் இருக்கிறது.

வில்வண்டியும் கட்டைவண்டியும்

வீட்டில் வயதான தாத்தா இருந்தால் கேட்டுப் பாருங்கள். கட்டைவண்டியில் பத்து மைல் போனால் எலும்பெல்லாம் கழன்றது போலிருக்கும், வில்வண்டியில் போனால் அலுப்பே தெரியாது என்பார். மாடும் அதேதான், சாலையும் அதேதான். வேறுபாடு அச்சுக்கும் வண்டிப் பெட்டிக்கும் நடுவே இருந்த எஃகுப் பட்டைகளில் இருந்தது.

கட்டைவண்டியின் சக்கரம் ஐந்து சென்டிமீட்டர் உயரமுள்ள கல்லின்மேல் ஏறினால் பெட்டியும் அதனோடு ஐந்து சென்டிமீட்டர் எழும்பியாக வேண்டும். வில்வண்டியில் எழுவது சக்கரமும் அச்சும் மட்டுமே. பெட்டி தன் நிலைமத்தால் இருந்த இடத்திலேயே இருக்க முயல்கிறது. இடையிலுள்ள வில் அமுங்கி, மோதலின் ஆற்றலை நிலை ஆற்றலாகத் தனக்குள் வாங்கி வைத்துக்கொள்கிறது. வில்லின் அமுக்கமும் அதில் தோன்றும் விசையும் நேர்விகிதத்தில் இருக்கும் என்று கண்டவர் ராபர்ட் ஹூக். 1676-இல் அந்த உண்மையை எழுத்துகளைக் குழப்பி ஒரு புதிராக வெளியிட்டு, 1678-இல்தான் அதை அவிழ்த்துச் சொன்னார். தம் கண்டுபிடிப்பை வேறொருவர் தட்டிக்கொண்டு போய்விடக் கூடாது என்ற அச்சம் அக்காலத்து அறிஞர்களுக்கு நிறையவே இருந்தது.

வில்லுக்கு ஒரு குணம் உண்டு. வாங்கியதைத் திருப்பிக் கொடுத்துவிடும். கல்லைத் தாண்டியதும் அது சேர்த்துவைத்த ஆற்றல் முழுவதையும் பெட்டிக்குக் கொடுக்கும், பெட்டி எழும், பிறகு விழும், வில் மீண்டும் அமுங்கும். உராய்வே இல்லாத ஒரு வில்லின்மேல் ஏற்றிய வண்டி, ஒரே ஒரு கல்லில் ஏறி இறங்கிய பிறகு என்றென்றும் ஆடிக்கொண்டே இருக்க வேண்டும்!

வில்வண்டி ஏன் அப்படி ஆடவில்லை? அதன் வில் ஒற்றைப் பட்டை அன்று. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய பல பட்டைகள். அது வளையும்போது பட்டைகள் ஒன்றோடொன்று உரசுகின்றன. அந்த உராய்வு ஆட்டத்தின் ஆற்றலைச் சிறிது சிறிதாக வெப்பமாக்கித் தீர்த்துவிடுகிறது. வில்லும் ஆட்டத்தைத் தணிக்கும் கருவியும் அங்கே ஒன்றாகவே அமைந்துவிட்டன. லாரிகளின் பின்புறம் நீங்கள் பார்க்கும் பட்டை வில்லும் அத்தகையதே. 2014 வரை தயாரான அம்பாசடர் காரிலும், ஒரு காலத்தில் பம்பாய் டாக்சி என்றாலே நினைவுக்கு வந்த பிரிமியர் பத்மினியிலும் பின்சக்கரங்களுக்கு இப்பட்டைகளே இருந்தன.

ஆனால் 1983 டிசம்பரில் வந்து, 2014 ஜனவரி வரை தயாரான மாருதி 800 காரைப் பாருங்கள். அதன் முன்சக்கரங்களுக்கும், பிற்கால வண்டிகளில் பின்சக்கரங்களுக்கும், சுருள்வில்தான். சுருள்வில் என்பது ஒரே ஒரு எஃகுக் கம்பியைச் சுருட்டியது. அதில் உரசுவதற்கு எதுவும் இல்லை. எனவே அதற்குத் துணையாக, ஆற்றலைத் தீர்த்துக் கட்டும் வேறொரு கருவி கட்டாயம் வேண்டும். நம் ஊர்ப் பணிமனைகளில் ‘ஷாக் அப்சார்பர்’ என்று சொல்வது அதைத்தான்.

இந்தப் பெயரில் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. ‘அதிர்ச்சியை உறிஞ்சுவது’ என்பது அதன் பொருள். உண்மையில் அதிர்ச்சியை வாங்கிக்கொள்வது வில். ஷாக் அப்சார்பர் செய்வது வில்லின் ஆட்டத்தைத் தணிப்பது. ஆகவே இக்கட்டுரையில் அதைத் ‘தணிப்பான்’ என்றே அழைக்கப் போகிறேன்.

பொங்குமாங்கடல் செய்யும் வேலை

குற்றாலப் பேரருவியில் குளித்திருக்கிறீர்களா? அவ்வளவு உயரத்திலிருந்து விழும் நீரின் அடியில் மனிதர் நிற்க முடிவது எப்படி? உச்சியிலிருந்து வரும் நீர் நேரே நம் தலையில் விழுவதில்லை. இடைவழியில் பாறையில் உள்ள ஆழமான ஒரு பள்ளத்தில் விழுந்து, அங்கே சுழன்று பொங்கி, வேகம் தணிந்த பிறகே வழிந்து கீழே வருகிறது. அந்தப் பள்ளத்துக்குப் பொங்குமாங்கடல் என்று பெயர். கொந்தளிப்பில் நீரின் இயக்க ஆற்றலில் பெரும்பகுதி வெப்பமாகிவிடுகிறது. அந்த வெப்பம் நமக்குத் தெரிவதில்லை. 50 மீட்டர் விழுந்த நீரின் ஆற்றல் முழுவதும் வெப்பமானாலும் அதன் வெப்பநிலை 0.12 டிகிரி செல்சியஸ்தான் உயரும். சாரல் காற்றில் அதற்கு மேல் குளிர்ந்துவிடும். வெள்ளப்பெருக்கின்போது அந்தப் பள்ளத்தால் அவ்வளவு நீரின் வேகத்தையும் தணிக்க முடியாது. அப்போது குளிக்கத் தடை விதிப்பதில் வியப்பில்லை.

தணிப்பானுக்குள்ளும் இதே வேலைதான், எண்ணெயைக் கொண்டு நடக்கிறது. ஓர் உருளைக்குள் எண்ணெய். அதில் ஓர் உந்துதட்டு. தட்டில் சிறு துளைகளும் அவற்றை மூடித் திறக்கும் மெல்லிய வால்வுகளும். சக்கரம் மேலும் கீழும் அசையும்போது உந்துதட்டு எண்ணெயைத் துளைகள் வழியே பிதுக்குகிறது. மெதுவாகத் தள்ளினால் எளிதில் நகரும். வேகமாகத் தள்ளினால் கடுமையாக எதிர்க்கும். உள்ளே ஊசி இல்லாத மருந்துச் சிரிஞ்சில் நீரை நிரப்பி மெதுவாகவும் வேகமாகவும் அழுத்திப் பாருங்கள், உடனே விளங்கும்.

வில்லின் விசை அமுக்கத்தின் அளவைச் சார்ந்தது. தணிப்பானின் விசை வேகத்தைச் சார்ந்தது. அசையாமல் நிற்கும் காரைத் தாங்குவதில் எண்ணெய்க்குப் பங்கே இல்லை; எடை முழுவதும் வில்லின்மேல்தான். அதனால்தான் தணிப்பான் முழுவதும் செத்துப்போன காரும் நின்றநிலையில் பார்வைக்கு ஒரு குறையுமின்றித் தெரிகிறது. வில் தளர்ந்த கார் ஒருபக்கம் சாய்ந்து காட்டிக்கொடுக்கும். தணிப்பான் காட்டிக்கொடுக்காது. அதை ஆட்டிப் பார்த்தே அறிய வேண்டும்.

வாசலில் ஓர் ஆய்வு

இனி அளப்போம். வேண்டியவை: ஓர் அளவுநாடா, 50 கிலோகிராம் சிமென்ட் மூட்டை இரண்டு, ஒரு கைப்பேசி. வீட்டுப் பெரியவர் ஒருவர் உடன் இருக்க வேண்டும்.

காரைச் சமதளத்தில் நிறுத்தி, முன்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள். பின்சக்கரத்தைக் கைபிரேக் பிடித்திருந்தால் வில் தாராளமாக அசையாது. எனவே கல் வைத்த பிறகு அதை விடுவித்துவிடச் சொல்லுங்கள். பின்சக்கரத்தின் மையத்திலிருந்து அதன் நேர்மேலே மட்கார்டு விளிம்பு வரை உள்ள உயரத்தை இருபுறமும் அளந்து குறியுங்கள். பிறகு ஒரு மூட்டையைப் பின்னிருக்கையிலும் மற்றொன்றை டிக்கியிலும் வையுங்கள். அவை பின் அச்சுக்குச் சற்று முன்னும் சற்றுப் பின்னும் அமைவதால் 100 கிலோகிராமும் ஏறத்தாழப் பின்சக்கரங்களின்மேலேயே இறங்கும். உடனே அளந்துவிடாதீர்கள். ரப்பர் உறுப்புகளின் உராய்வு காரணமாக வண்டி பாதி வழியில் நின்றிருக்கும். இரண்டு மூன்று முறை ஆட்டிவிட்டு, அடங்கிய பிறகு அளவெடுங்கள்.

உயரம் 2.5 சென்டிமீட்டர் குறைந்தது என்று கொள்வோம். மூட்டைகளின் எடை 100 × 9.8 = 980 நியூட்டன். இதை 0.025 மீட்டரால் வகுத்தால் 39,200. இரண்டு வில்கள் இருப்பதால் ஒவ்வொன்றின் விசை மாறிலி 19,600 நியூட்டன்/மீட்டர். காரைக் கழற்றாமலே வில்லை அளந்துவிட்டோம்!

மாருதி 800 ஏறத்தாழ 650 கிலோகிராம் நிறையுள்ளது. எஞ்சின் முன்னால் இருப்பதால் முன்சக்கரங்களுக்கே பங்கு அதிகம். சக்கரம், அச்சு இவற்றின் நிறை வில்லின்மேல் ஏறுவதில்லை. ஆளில்லாத வண்டியில் ஒரு பின்வில்லின்மேல் 125 கிலோகிராம் இருக்கிறது என்று கொள்ளலாம். அப்படியானால் அந்த நிறை வில்லை அமுக்கும் அளவு, 125 × 9.8 ÷ 19,600 = 0.0625 மீட்டர், அதாவது ஆறேகால் சென்டிமீட்டர்.

இங்கே ஓர் அழகான முடிவு காத்திருக்கிறது. வில்லின்மேல் ஆடும் நிறையின் அலைவு நேரம், அந்த நிறை தன் எடையால் வில்லை எவ்வளவு அமுக்கியதோ அவ்வளவு நீளமுள்ள தனி ஊசலின் அலைவு நேரத்துக்குச் சமம். இரண்டு வாய்பாடுகளையும் எழுதிப் பாருங்கள், தானே வரும். ஆகவே ஆறேகால் சென்டிமீட்டர் நூலில் ஒரு குண்டைத் தொங்கவிட்டு ஆட்டினால், அது உங்கள் காரோடு ஒரே தாளத்தில் ஆடும். கணக்கிட்டால் அலைவு நேரம் 0.50 வினாடி. வினாடிக்கு இரண்டு முறை.

அடுத்து முக்கியமான அளவு. மூட்டைகளை இறக்கிவிடுங்கள். மட்கார்டு விளிம்புக்கு அருகில் ஓர் அளவுகோலை நிலையாக நிறுத்தி, கைப்பேசியைக் காலி டப்பாவில் சாய்த்து வைத்துப் படம்பிடியுங்கள். பெரியவர் ஒருவர் டிக்கியின் மூலையை, ஊஞ்சலைத் தள்ளுவது போல் தாளத்தோடு இரண்டு மூன்று முறை அமுக்கி, தாழ்ந்த நிலையில் கையை எடுத்துவிட வேண்டும். பிறகு படத்தை மெதுவாக ஓட்டி, ஒவ்வொரு முறையும் விளிம்பு எவ்வளவு தாழ்கிறது என்று குறியுங்கள்.

தடையுறு அலைவில் அடுத்தடுத்த வீச்சுகள் ஒரு பெருக்குத் தொடராகக் குறையும். நல்ல தணிப்பான் உள்ள காரில் அந்தப் பெருக்கு விகிதம் ஏறத்தாழ ஏழில் ஒன்று. முதலில் 5 சென்டிமீட்டர் தாழ்ந்தது அடுத்த முறை 7 மில்லிமீட்டர்தான்; அதற்கடுத்தது கண்ணுக்கே தெரியாது. தணிக்கும் ஆற்றல் ஆறில் ஒரு பங்காகக் குறைந்துபோன காரில் அந்த விகிதம் 0.73. அப்போது 5, 3.7, 2.7, 1.9, 1.4 என்று வண்டி தலையாட்டிக்கொண்டே இருக்கும்.

ஆட்டமே இல்லாமல் உடனே அடங்கும்படி இன்னும் கடுமையான தணிப்பானைப் போட்டால் என்ன என்று கேட்பீர்கள். வங்கிகளில் கதவு தானே மெல்லச் சாத்திக்கொள்ள ஒரு கருவி வைத்திருப்பார்கள்; அதில் அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள். காரில் அது உதவாது. தணிப்பான் மிகக் கடுமையானால் சக்கரத்தின் ஒவ்வொரு குலுக்கலும் அதன் வழியாகவே பெட்டிக்கு ஏறிவிடும். வில்வண்டி மீண்டும் கட்டைவண்டி ஆகிவிடும். ஆட்டம் நிற்பதற்கு வேண்டிய முழுத் தணிப்பில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கே காரில் வைக்கிறார்கள்.

இந்த ஆய்வுக்கு ஓர் எல்லை உண்டு. இதில் தோற்ற தணிப்பான் நிச்சயமாகக் கெட்டது. தேறியது நல்லது என்று சொல்லிவிட முடியாது. கையால் ஆட்டும் வேகம் குறைவு. பழைய ரப்பரின் உராய்வும் ஆட்டத்தை அடக்கிக் காட்டக்கூடும். மேடுபள்ளமான சாலையில் சில கிலோமீட்டர் ஓடி நின்றதும் அனுபவமுள்ள மெக்கானிக் ஒவ்வொரு தணிப்பானையும் கையால் தொட்டுப் பார்ப்பார். வேலை செய்தது வெதுவெதுப்பாக இருக்கும். குளிர்ந்து கிடப்பது சும்மா இருந்தது. ஆற்றல் மாறாக் கோட்பாட்டைப் புத்தகம் படிக்காமலே பயன்படுத்துகிறார் அவர்.

தரையை விடும் சக்கரம்

ஆட்டம் உடலுக்கு அலுப்பு என்பதோடு முடிந்தால் இவ்வளவு எழுத வேண்டியதில்லை. வினாடிக்கு இரண்டு முறை ஆடுவது பெட்டி. சக்கரத்துக்குத் தனி ஆட்டம் ஒன்று உண்டு. கீழே காற்றடைத்த டயர், மேலே சுருள்வில். இரண்டுக்கும் இடையே 25 கிலோகிராம் போன்ற சிறு நிறை. இது வினாடிக்குப் பத்துக்கும் மேற்பட்ட முறை துடிக்கும். இதையும் தணிப்பதற்கு அந்த எண்ணெய்க் குழாய் ஒன்றே இருக்கிறது. அது கெட்டால் சக்கரம் சாலைமீது துள்ளித் துள்ளிப் போகும்.

பிரேக்கும் ஸ்டியரிங்கும் வேலை செய்வது டயருக்கும் தரைக்கும் உள்ள உராய்வால். உராய்வு, தரையின் செங்குத்து எதிர்விசையைப் பொறுத்தது. சக்கரம் துள்ளும் கணத்தில் எதிர்விசை குறைகிறது. காற்றில் நிற்கும் கணத்தில் சுழி. மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில், சமதளமான ஈரச்சாலையில், உராய்வுக் கெழு 0.4 எனக் கொண்டால், பிரேக் பிடித்தபின் கார் ஏறத்தாழ 12.8 மீட்டரில் நிற்கும். துள்ளலால் உராய்வில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். நிற்க 16 மீட்டர் வேண்டும். வேறுபாடு மூன்று மீட்டருக்குச் சற்று மேல். அது ஒரு மாருதி 800 காரின் நீளம். புளியரை வளைவில் முன்னால் செல்லும் லாரி சட்டென்று நின்றால் அந்த மூன்று மீட்டர் எங்கே இருந்து வரும்?

எவை தேய்கின்றன?

எஃகு வில் அவ்வளவு எளிதில் கெடுவதில்லை. துருப்பிடித்து உடையலாம், பல ஆண்டுகளில் சற்றுத் தாழலாம், அவ்வளவே. முதலில் போவது தணிப்பானின் தண்டைச் சுற்றியுள்ள எண்ணெய்க் காப்பு. அது தேய்ந்ததும் எண்ணெய் வெளியே கசியும். உருளையின் மேல் எண்ணெயும் புழுதியும் சேர்ந்து கருமையாக அப்பியிருந்தால் ஐயமே வேண்டாம். டயரின் மேல் விரலை ஓட்டிப் பாருங்கள்; அங்கங்கே குழிகுழியாகத் தேய்ந்திருந்தால் சக்கரம் துள்ளியிருக்கிறது என்று பொருள்.

அடுத்தது ரப்பர். உலோகமும் உலோகமும் சேரும் இடங்களிலெல்லாம் நடுவே ‘புஷ்’ என்ற ரப்பர் வளையம் உண்டு. புனலூர்ப் பக்கம் சாலையோரமாகவே பால் வடியும் ரப்பர் மரங்களைப் பார்த்திருப்பீர்கள். அந்த ரப்பர் வெயிலிலும் காற்றிலுள்ள ஓசோனாலும் எண்ணெய் பட்டும் வெடித்து இறுகும். பிறகு வேகத்தடையில் ‘டக், டக்’ என்ற ஓசை கேட்கும். தணிப்பானை மாற்றிய பின்னும் ஓசை போகவில்லை என்று பலர் அலுத்துக்கொள்வதற்குக் காரணம் இந்தச் சிறு வளையங்களே. விலையும் குறைவு. மாற்றும்போது இவற்றையும் சேர்த்தே மாற்றிவிடுவது நல்லது. தணிப்பான்களை எப்போதும் இடம் வலம் என இணையாக மாற்ற வேண்டும். ஒருபக்கம் புதிதும் மறுபக்கம் பழையதுமாக இருந்தால் வண்டி வளைவில் ஒருமாதிரியும் மறுவளைவில் வேறுமாதிரியும் நடந்துகொள்ளும்.

நடு நட்டு

இப்போது மாற்றும் வேலைக்கு வருவோம். இது உங்கள் தந்தையோ மாமாவோ, கருவிகளைக் கையாளத் தெரிந்த பெரியவர் ஒருவர் செய்ய வேண்டிய வேலை. நீங்கள் உடனிருந்து உதவலாம், கணக்கிடலாம், நட்டுகளை வரிசையாகத் தட்டில் எடுத்து வைக்கலாம். கடைசியாகச் சொன்னதை அற்பமாக நினைக்க வேண்டாம்.

பின்சக்கரத் தணிப்பான் எளிது. அங்கே வில் தனி, தணிப்பான் தனி. சக்கர நட்டுகளைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே சற்றுத் தளர்த்திக்கொள்ள வேண்டும். தூக்கிய பிறகு ஸ்பானரைத் திருப்பினால் சக்கரமும் சேர்ந்து சுற்றும். ஜாக்கியால் தூக்கியதும், உடற்பகுதியைத் தாங்கும் உறுதியான ஸ்டாண்டு ஒன்றைக் கொடுத்துவிட வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி எவரும் வண்டிக்குக் கீழே கையையோ தலையையோ நீட்டக் கூடாது. தணிப்பானைக் கழற்றுமுன் பின் அச்சை மற்றொரு ஜாக்கியால் தாங்கிப் பிடிக்க வேண்டும். இல்லையென்றால் அச்சு தொங்கி, பிரேக் குழாயை இழுக்கும். வில்லும் இடம்விட்டு நழுவும். பிறகு மேலும் கீழும் உள்ள நட்டுகளைக் கழற்றினால் தணிப்பான் கையோடு வந்துவிடும். துருவேறிய நட்டு அசையாவிட்டால் முரட்டுத்தனம் வேண்டாம். துருநீக்கி எண்ணெயை முதல்நாள் இரவே விட்டு ஊறவைத்து, நீளமான கைப்பிடி கொண்டு திருப்புங்கள். திருப்புவிசை என்பது விசையையும் தொலைவையும் பெருக்கியது என்று படித்தது இதற்குத்தான்.

முன்சக்கரம் அப்படியன்று. அங்கே தணிப்பானைச் சுற்றியே சுருள்வில்லைக் கோத்து, இரண்டையும் ஒரே தூணாக்கி வைத்திருக்கிறார்கள். ஏர்ல் மக்பெர்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர் வகுத்த அமைப்பு இது. 1950-இல் இங்கிலாந்தில் வெளிவந்த ஃபோர்டு கான்சல், செஃபிர் கார்களில் வந்து, பின்னர் உலகின் சிறு கார்களையெல்லாம் பிடித்துக்கொண்டது. இடம் குறைவாகப் பிடிக்கும், உறுப்புகளும் குறைவு.

பானெட்டைத் திறந்தால் இருபுறமும் அந்தத் தூணின் தலை தெரியும். ஓரத்தில் சிறு நட்டுகள். நடுவில் ஒரு பெரிய நட்டு. எங்கள் வீட்டு 800-க்கு இந்த வேலையைத் தொடங்கியபோது எதிர்வீட்டு மெக்கானிக் சாலையைக் கடந்து வந்து சொன்ன முதல் சொல்: “சார், எதை வேணும்னாலும் கழத்துங்க, அந்த நடு நட்டை மட்டும் தொட்டுறாதிய!”

அவர் சொன்னதன் பொருளை எண்களில் பார்ப்போம். தூணைக் கழற்றி வெளியே எடுத்த பிறகும் அதிலுள்ள சுருள்வில் தன் இயல்பு நீளத்துக்கு வந்துவிடுவதில்லை. மேல்தட்டு அதை அமுக்கிப் பிடித்திருக்கிறது. மேல்தட்டைப் பிடித்திருப்பது அந்த நடு நட்டு. விசை மாறிலி 20,000 நியூட்டன்/மீட்டர், அமுக்கம் 15 சென்டிமீட்டர் என்று கொள்வோம். விசை 3,000 நியூட்டன். அதாவது 300 கிலோகிராமுக்கு மேற்பட்ட எடை. சேர்ந்திருக்கும் நிலை ஆற்றல், பாதி × 20,000 × 0.15 × 0.15 = 225 ஜூல். அவ்வளவும் அரை கிலோகிராம் நிறையுள்ள மேல்தட்டுக்குப் போனால் அது என்ன வேகத்தில் பறக்கும்? 225 ஜூலை இயக்க ஆற்றல் வாய்பாட்டில் இட்டுப் பாருங்கள். வினாடிக்கு 30 மீட்டர். மணிக்கு 108 கிலோமீட்டர். குனிந்து நட்டைத் திருப்புகிறவரின் முகம் அதற்கு அரை மீட்டர் தொலைவில் இருக்கிறது. வில்லை இயல்பு நிலைக்குத் திரும்பவிடாமல் பிடித்துக்கொண்டு கழற்றுவதற்கென்று தனிக் கருவி உண்டு. கயிறு, கம்பி, சங்கிலி இவற்றால் கட்டிவிட்டுக் கழற்றலாம் என்று யாராவது சொன்னால் கேட்கக் கூடாது. திருகு முறையில் இயங்கும் மலிவான இரட்டைக் கொக்கிக் கருவிகளையும் நான் நம்புவதில்லை. ஒரு கொக்கி வழுக்கினால் போதும்.

எனவே எங்கள் வீட்டில் செய்தது இது. ஓரத்துச் சிறு நட்டுகளையும், கீழே சக்கரத் தாங்கியோடு தூணை இணைக்கும் இரண்டு போல்ட்டுகளையும் கழற்றி, தூணை முழுதாக வெளியே எடுத்தோம். அதற்குமுன் போல்ட்டின் இருப்பிடத்தைப் பெயின்ட்டால் குறித்துக்கொண்டோம். சக்கரத் தாங்கி வெளிப்புறம் சாய்ந்து பிரேக் குழாயையும் எஞ்சினிலிருந்து வரும் தண்டையும் இழுக்காமல் கயிற்றால் கட்டி வைத்தோம். இரண்டு தூண்களையும் சாக்கில் சுற்றி ஸ்கூட்டரில் பணிமனைக்குக் கொண்டுபோய், அங்கே அழுத்து எந்திரத்தில் வில்லை அமுக்கி, நடு நட்டைக் கழற்றி, பழைய தணிப்பானுக்குப் பதில் புதியதைப் பொருத்தி வாங்கி வந்தோம். அது அங்கே கால்மணி நேர வேலை. மற்றதெல்லாம் வாசலில், வேப்பமரத்தடியில் நடந்தது.

பூட்டும்போது

புதிய தணிப்பானை அப்படியே பூட்டக் கூடாது. கடையில் படுத்த வாக்கில் கிடந்ததால் எண்ணெய் அறைக்குள் வாயு புகுந்திருக்கும். எண்ணெய் அமுங்காது, வாயு அமுங்கும். துளை வழியே எண்ணெய்க்குப் பதில் வாயு பிதுங்கினால் தணிப்பு எங்கிருந்து வரும்? நிமிர்த்திப் பிடித்து, தண்டை முழுவதும் இழுத்து அமுக்கி, ஐந்தாறு முறை செய்தால் வாயு மேலே போய்விடும். முதல் இரண்டு முறை தண்டு வெற்றாக நழுவுவதும், பிறகு சீரான எதிர்ப்பு வருவதும் கைக்கே தெரியும். முன்தூணுக்கு இதை வில்லைக் கோப்பதற்கு முன்பே செய்தாக வேண்டும், பணிமனையில் நினைவூட்டுங்கள்.

ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளைச் சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்கிவிடக் கூடாது என்பது பலருக்குத் தெரிவதில்லை. அவற்றைத் தளர்வாக மாட்டி, வண்டியைத் தரையில் இறக்கி, எடை முழுவதும் சக்கரத்தில் ஏறிய பிறகே இறுதியாக இறுக்க வேண்டும். தொங்கும் நிலையில் இறுக்கினால், இறக்கியவுடன் ரப்பர் முறுக்கிக்கொள்ளும். பிறகு வண்டி நின்றாலும் ஓடினாலும் அந்த முறுக்கு தீராது. சில மாதங்களிலேயே புஷ் வெடித்துவிடும். ஒவ்வொரு நட்டுக்கும் எவ்வளவு திருப்புவிசை என்பது வண்டியின் பணிமனைக் கையேட்டில் உண்டு. அதன்படியே இறுக்க வேண்டும்.

முன்தூணைக் கழற்றிப் பூட்டினால் சக்கரத்தின் சாய்வு சிறிதாவது மாறியிருக்கும். பெயின்ட் குறி ஓரளவுக்கு உதவும், அவ்வளவே. அன்றோ மறுநாளோ சக்கரச் சீரமைப்பு செய்யும் இடத்துக்கு மெதுவாக ஓட்டிச் சென்று சரிபார்த்துவிட வேண்டும். நூறு கிலோமீட்டர் ஓடிய பின் எல்லா நட்டுகளையும் மறுமுறை சோதிக்க வேண்டும். பழைய தணிப்பான்களில் எஞ்சிய எண்ணெய் இருக்கும். சிலவற்றில் அழுத்தமேற்றிய வாயுவும் இருக்கும். அவற்றை நெருப்பிலிடவோ துளைபோடவோ கூடாது. எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றினால் அது சிற்றாற்றுக்குத்தான் போய்ச் சேரும். பழைய இரும்புக் கடையில் சொல்லிக் கொடுங்கள்.

பிறகு அளவுகோலையும் கைப்பேசியையும் எடுத்து, முன்பு செய்த ஆய்வைப் பின்சக்கரத்தில் மறுபடி செய்யுங்கள். இரண்டு வரைபடங்களையும் ஒரே தாளில் வரைந்தால் அறிவியல் கண்காட்சிக்கு ஒரு நல்ல பொருள் கிடைக்கும்.

உங்களுக்கு ஒரு கணக்கு. குற்றாலம் புறப்படும் நாளில் பின்னிருக்கையில் ஆட்களும் டிக்கியில் சாமான்களும் ஏறியதால் ஒவ்வொரு பின்வில்லின் மேலும் உள்ள நிறை 125 கிலோகிராமிலிருந்து 200 கிலோகிராமாகிவிட்டது. வில்லும் தணிப்பானும் மாறவில்லை. அலைவு நேரம் எவ்வளவு ஆகும்? தணிப்பின் திறம், நிறையின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில் இருக்கும் என்றால், வெறும் வண்டியில் ஓரளவு அடங்கி நின்ற கார், ஆட்கள் ஏறிய அன்று மட்டும் அதிகம் தலையாட்டுவது ஏன்?